"எங்கள் தெரு, எங்கள் முடிவு" என்பவர்களுக்கு

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பதில் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும்: ஒரு தெருவில் என்ன கட்டலாம், என்ன கூடாது என்பதை அந்தத் தெருக்காரர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும். முப்பது வருடக் கடனைச் சுமப்பவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தையும் அமைதியையும் வரிசையாக நிற்கும் தனி வீடுகளையும் பார்த்து வாங்கியவர்கள். அங்கே திடீரென்று நான்கு மாடிக் குடியிருப்பு எழுந்தால் சாலை நெரியும், வகுப்பறை நிரம்பி வழியும், வீட்டு விலை சரியும். நாலு வீடு தள்ளி அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கோ போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்கோ ஒரு குழு இல்லம் வந்துவிட்டால் பிள்ளைகளை வாசலில் விளையாட விட முடியாது. "அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வெறுப்பும் இல்லை, அவர்களுக்கும் வீடு வேண்டும்தான், ஆனால் அதற்கான இடம் இதுவல்ல." நகர்மன்றக் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மைக்கைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிக்கிறார்கள். எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் நேப்பர்வில்லிலும் வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கும் இதில் மாற்றுக் கருத்தில்லை.

எனக்கு உண்டு. சாலை, பள்ளி, சாக்கடை, வெள்ளம் என்று அடுக்கப்படும் காரணங்களைத் தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும். தலையாட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: இதே காரணத்தைச் சொல்லி அந்த ஊர் வேறு யாரையாவது தடுத்திருக்கிறதா? இந்தச் சோதனையை நான் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது வருடங்களுக்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைத்துக் காட்டியது.

டெக்சாஸ் மாநிலத்தில் கிளீபர்ன் என்று ஒரு சிறு நகரம். 1980இல் அங்கே ஃபெதர்ஸ்டன் தெருவில் ஒரு வீடு விலைக்கு வாங்கப்பட்டது. அறிவுத்திறன் குறைபாடுள்ள 13 ஆண்களும் பெண்களும் பணியாளர்களின் முழுநேரக் கவனிப்பில் அதில் குடியிருப்பதாகத் திட்டம். நகரம் குறுக்கே நின்றது. சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்றது. அதற்கு அது எடுத்துக்காட்டிய விதி, மனநோயாளிகளுக்கான மருத்துவமனைகளையும் சிறைச்சாலைகளையும் ஒரே மூச்சில் சொல்லும் விதி. அனுமதி கேட்டார்கள். நகர்மன்றம் 3-க்கு 1 என்ற கணக்கில் மறுத்தது.

மறுப்புக்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அங்குள்ள முதியவர்கள் பயப்படுகிறார்கள். எதிரே நடுநிலைப் பள்ளி இருக்கிறது, மாணவர்கள் இவர்களைக் கேலி செய்யக்கூடும். அந்த மனை ஐந்நூறு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய தாழ்நிலத்தில் இருக்கிறது. வீட்டின் அளவுக்கு ஆட்கள் அதிகம். வெள்ளத்திலிருந்தும் கேலியிலிருந்தும் அந்தப் பதின்மூன்று பேரைக் காப்பாற்றுவதற்காகவே கதவைச் சாத்தியதுபோல் ஒரு தோரணை.

வழக்கு 1985இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி பைரன் வைட் எழுதிய தீர்ப்பு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தது. எதிரே இருந்த பள்ளியிலேயே இதே குறைபாடுள்ள சுமார் 30 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதே மனையில் முதியோர் பராமரிப்பு இல்லமோ மருத்துவமனையோ கட்டியிருந்தால் சிறப்பு அனுமதியே தேவையில்லை. நோயாளிகளும் முதியவர்களும் வெள்ளத்தில் நீந்திப் போய்விடுவார்களா? அதே மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மாணவர் விடுதி, உணவும் அறையும் தரும் தங்கும் விடுதி எதற்கும் தனி அனுமதி வேண்டாம். ஆள் அதிகம் என்ற கவலை அங்கெல்லாம் எழவில்லை. இந்த ஆட்களிடம் மட்டும் அனுமதி கேட்டதற்குப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத வெறுப்பைத் தவிர அடிப்படை எதுவும் இல்லை என்று சொல்லி, நீதிமன்றம் மறுப்பைச் செல்லாததாக்கியது.

தீர்ப்பு வெளிவந்த பிறகு ஊர்கள் காரணங்களைச் சொல்வதில் தேறிவிட்டன. அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்று இன்று எந்த நகர்மன்றமும் கோப்பில் எழுதி வைக்காது. அதையும் ஒரு போக்குவரத்து ஆய்வறிக்கை ஆக்கிவிடும்.

போக்குவரத்தையே எடுத்துக்கொள்வோம். எந்தக் கட்டடம் எத்தனை வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவரும் என்று கணக்கிட அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேடு ஒன்று உண்டு. அதன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு தனி வீட்டிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 9.4 வண்டிப் பயணங்கள். தாழ்வான அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு 6.7. பள்ளி விஷயமும் அப்படித்தான்: வீட்டுக்கு இத்தனை பிள்ளைகள் என்று பார்த்தால் தனி வீடுகளைவிட அடுக்குமாடிகளில் பிள்ளைகள் குறைவு. ஒரு மனையில் வீடுகளின் எண்ணிக்கை கூடினால் மொத்தம் கூடத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் எல்லையில் 300 தனி வீடுகளோடு ஒரு புது மனைப்பிரிவு வரும்போது வகுப்பறை நிரம்புமே என்று இதே மனிதர்கள் மைக்கைப் பிடிக்கிறார்களா? அப்போது அதற்குப் பெயர் ஊர் வளர்ச்சி.

"நாங்கள் காக்க நினைப்பது குடும்பச் சூழலை" என்று அடுத்த வாதம் வரும். தனிக் குடும்ப வீட்டுக்கு மட்டுமே இடம் என்ற மண்டல விதியின் பெயரிலேயே குடும்பம் இருக்கிறது. எது குடும்பம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நகர்மன்றத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாட்டியின் வழக்கு இருக்கிறது. ஓஹையோ மாநிலம் ஈஸ்ட் கிளீவ்லாந்தில் இனெஸ் மூர் என்ற 63 வயதுப் பெண்மணி தன் வீட்டில் ஒரு மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்துவந்தார். ஒரு பேரன் கூட இருந்த மகனின் பிள்ளை. இன்னொருவன் மற்றொரு மகனின் பிள்ளை. தாய் இறந்துபோனதால் பாட்டியிடம் வந்து சேர்ந்தவன். நம் வழக்கத்தில் இந்த இரண்டு பையன்களும் அண்ணன் தம்பிதான், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஈஸ்ட் கிளீவ்லாந்தின் விதியில் அவர்கள் ஒரே குடும்பத்தில் அடங்க மாட்டார்கள். தாயில்லாப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பு என்று பாட்டிக்கு அறிவிப்பு வந்தது. அவர் அனுப்பவில்லை. ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம்.

1977இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது, அதுவும் 5-க்கு 4 என்ற மயிரிழையில். நெரிசல், வாகனங்கள், பள்ளிச் செலவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்றது நகரம். அப்படியானால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், அவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு கார் என்று ஒரு குடும்பம் வந்தால் உங்கள் விதி தடுக்குமா என்று தீர்ப்பு திருப்பிக் கேட்டது. தடுக்காது. மறுபடியும் அதே சோதனை, அதே விடை. இதில் இன்னொன்றும் உண்டு. ஈஸ்ட் கிளீவ்லாந்து அன்றைக்கு வெள்ளையர்கள் கோலோச்சிய ஊரல்ல. மக்களில் பெரும்பான்மையும் நிர்வாகமும் கறுப்பினத்தவரே. வாசல் மறுக்கப்பட்டவர்கள் உள்ளே வந்த பிறகு தாழ்ப்பாளைத் தேடுவது எந்த இனத்துக்கும் தனிச்சொத்தல்ல. நம்மவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

குறிப்பாக, ஐந்தாறு பேச்சிலர்களாக ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் படிக்கலாம். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பெல் டெர் என்ற சிறிய ஊர், ரத்த உறவோ மண உறவோ இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று விதி வைத்தது. அருகிலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் தங்கியதால் வழக்கு வந்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு இன்றும் ரத்தாகவில்லை. குடும்ப உறவைத் தொட்டதால் மூர் பாட்டி தப்பினார். நண்பர்கள் சேர்ந்து வாழ்வதற்கு அந்தக் காப்பும் கிடையாது.

இந்த மண்டல விதிகள், அங்கே சோனிங் என்கிறார்கள், எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் "வெறுப்பில்லை" என்ற பேச்சின் வயது தெரியும். கறுப்பினத்தவர் இந்தத் தெருவில், வெள்ளையர் அந்தத் தெருவில் என்று பால்டிமோர் 1910இல் வெளிப்படையாகவே சட்டம் போட்டது. லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இனத்தின் பெயரைச் சொல்லிப் பிரிக்க முடியாது என்றானபின் கட்டடத்தின் பெயரைச் சொல்லிப் பிரிப்பது கைகொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி 1916இலேயே தனி வீட்டு மண்டலத்தை உருவாக்கியிருந்தது; ஆசியர்கள் நடத்திய சலவைக்கூடங்களையும் கறுப்பினத்தவரின் நடன அரங்கையும் தள்ளிவைக்கும் நோக்கம் அதில் கலந்திருந்தது. 2021இல் அதே பெர்க்லி நகர்மன்றம் இந்த வரலாற்றை ஒப்புக்கொண்டுதான் அந்த மண்டல முறையைக் கைவிடத் தீர்மானித்தது.

மண்டல விதிகளுக்கு நாடு தழுவிய அங்கீகாரம் தந்தது 1926ஆம் ஆண்டின் யூக்ளிட் தீர்ப்பு. யூக்ளிடும் கிளீவ்லாந்தை ஒட்டிய புறநகர்தான். தனி வீடுகள் உருவாக்கிய திறந்தவெளியையும் அழகையும் உறிஞ்சிப் பிழைக்கும் ஒட்டுண்ணி என்று அடுக்குமாடிக் குடியிருப்பை நீதிபதி சதர்லாந்து அதில் வர்ணித்தார். கட்டடத்தைத்தான் சொன்னார், வாடகைக்காரர்களை அல்ல என்று வாதிடலாம். ஆனால் இந்த விதியின் விளைவு மக்களை வருமானப்படி பிரித்து வைப்பதுதான் என்று கீழ் நீதிமன்றத்தின் நீதிபதி வெஸ்டன்ஹேவர் இரண்டு வருடம் முன்பே கண்டு எழுதியிருந்தார். மேல் நீதிமன்றம் அவர் தீர்ப்பைத் தள்ளியது. அடுத்த நூறு வருடங்கள் அவர் சொன்னபடியே நடந்தன. 2019இல் ஒரு பத்திரிகை எடுத்த கணக்கில், சான் ஹோசே நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் 94 சதவீதம் தனி வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

வீட்டு விலை விழும், திருட்டு பெருகும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். இதை நான் கேலி செய்யமாட்டேன். சேமிப்பு முழுவதையும் ஒரே வீட்டில் போட்டவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. நியூஜெர்சியின் மவுன்ட் லாரல், ஃபிலடெல்பியாவின் புறநகர். ஈத்தல் லாரன்ஸ் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆசிரியை. அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் தங்கள் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே இருக்க எளிய விலையில் சில அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். கட்டுப்படியாகாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்று 1970இல் ஊர்த் தலைவர் தேவாலயத்திலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஈத்தல் வழக்குப் போட்டார். குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளில் தன் நியாயமான பங்கை ஒவ்வொரு ஊரும் ஏற்க வேண்டும் என்று 1975இலும், இன்னும் கடுமையாக 1983இலும் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் இழுத்தடித்தது. ஈத்தல் 1994இல் இறந்தார். அவர் பெயரிலான 140 வீடுகள் கொண்ட குடியிருப்பு 2000த்தில்தான் திறந்தது.

அதன் பிறகு நடந்ததை டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும் பல வருடம் ஆராய்ந்து 2013இல் புத்தகமாக்கினார்கள். சுற்றியுள்ள ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் குற்றமும் கூடவில்லை, வீட்டு விலையும் விழவில்லை, வரியும் ஏறவில்லை. குடிவந்தவர்களின் வேலையும் வருமானமும் முன்னேறின. பக்கத்திலேயே வசித்தவர்களில் கணிசமானோருக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரியவில்லை. முப்பது வருடம் ஒரு ஊர் பயந்தது எதைப் பார்த்து என்று இப்போது கேளுங்கள். ஆனால் நியூஜெர்சி ஊர்கள் இதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பங்கை நிர்ணயிக்க 2024இல் புதுச் சட்டம் வந்ததும், மான்ட்வேல் தலைமையில் பல ஊர்கள் மறுபடி நீதிமன்றப் படியேறின.

கலிஃபோர்னியாவில் இது நாடகமாகவே நடந்தது. ஒரு தனி வீட்டு மனையைப் பிரித்துக் கூடுதல் வீடுகள் கட்ட வழிசெய்யும் மாநிலச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரும் செல்வந்தர்கள் வாழும் வுட்சைட் என்ற ஊர், அந்த மாதமே, எங்கள் ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் வாழிடம், ஆகவே இந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் வாங்க முடியாது என்று அறிவித்தது. பியூமா என்கிறோமே, அந்த விலங்குதான். மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் பொன்டா கண்டித்துக் கடிதம் எழுதியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நாடு புதிதாக எதையும் கட்ட மறுக்கிறதே என்று 2020இல் உலகறியக் கட்டுரை எழுதிய முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், 2022இல் தன் ஊரான ஆதர்ட்டனில் அடுக்குமாடிக்கு இடம் ஒதுக்கும் திட்டத்தை உடனே நீக்கச் சொல்லி எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். ஊருக்கு உபதேசம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எதிர்த்தரப்பின் உண்மையான பலம் வேறு ஒரு வாதத்தில் இருக்கிறது: உள்ளூர் ஜனநாயகம். எங்கோ தலைநகரில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் தெருவைத் தீர்மானிக்கலாமா? உள்ளாட்சியை மதிக்கிற எவரையும் இது தடுமாற வைக்கும். ஆனால் அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐன்ஸ்டைன், கிளிக், பாமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸின் 97 ஊர்களில் நடந்த கூட்டக் குறிப்புகளை அலசினார்கள். புது வீடுகளைப் பற்றிப் பேசியவர்களில் ஆதரித்தவர்கள் 15 சதவீதம் அளவே. எதிர்த்தவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். பேசியவர்கள் பொது வாக்காளர்களைவிட வயதில் மூத்தவர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். வாரநாள் மாலையில் ஷிப்டில் இருக்கும் செவிலிக்கும் கைக்குழந்தையோடு இருக்கும் வாடகைக்காரருக்கும் அங்கே வர முடிவதில்லை. அந்தக் கட்டடம் எழும்பினால் அதில் குடிவரப் போகிறவருக்கோ ஊரில் ஓட்டே கிடையாது, ஏனென்றால் குடிவர விடவில்லை. முடிவால் பாதிக்கப்படுகிறவரை வெளியே நிறுத்திவிட்டு எண்ணிய கைகளை ஜனநாயகம் என்று என்னால் சொல்ல முடியாது. மேலும் மண்டல அதிகாரம் ஊர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல. மாநிலச் சட்டம் கொடுத்தது. கொடுத்தவர் கணக்குக் கேட்பதில் அத்துமீறல் ஏதுமில்லை.

குழு இல்லங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இடம் இதுவல்ல" என்ற வாக்கியம் அங்கேதான் மிகக் கொடியது. வேறு இடம் எது என்பதும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் வில்லோபுரூக் என்ற மாநிலக் காப்பகம் 4,000 பேருக்கெனக் கட்டப்பட்டு, ஒரு கட்டத்தில் 6,000 பேரை அடைத்து வைத்திருந்தது. உடையின்றி, அழுக்கில் கிடந்த பிள்ளைகளை 1972இல் தொலைக்காட்சி காட்டியபோது நாடே அதிர்ந்தது. அவர்களை வெளியே கொண்டுவந்து சாதாரணத் தெருக்களில் சிறு இல்லங்களில் வாழவைக்க 1975இல் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. திரையைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் தங்கள் தெரு என்றதும் எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். கடைசியில் 1978இல் நியூயார்க் ஒரு சட்டம் செய்தது: ஊருக்கு 40 நாள் அவகாசம், மாற்று இடம் காட்டலாம், அல்லது இத்தகைய இல்லங்கள் எங்கள் பகுதியில் ஏற்கெனவே குவிந்துவிட்டன என்று நிரூபிக்கலாம். பிடிக்கவில்லை என்பது அதில் காரணமாக ஏற்கப்படவில்லை. இப்படி வரையறுக்கப்பட்ட எதிர்ப்புரிமையை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

போதையிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து வாழும் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் வீடுகளும் அப்படித்தான் போராடி வந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரில், உறவினர் என்றால் எத்தனை பேரும் ஒரு வீட்டில் வாழலாம் என்று அப்போது விதி இருந்தது. உறவற்றவர் ஐந்து பேர்தான். உடற்குறை, மனக்குறை உள்ளவர்களையும் வீட்டுப் பாகுபாட்டுச் சட்டத்தின் காப்புக்குள் 1988இல் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் காப்பிலிருந்து இந்த விதிக்கு விலக்கு கிடையாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லினாயில் 150 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இத்தகைய வீடுகளில் வாழ்ந்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் மறுபடி போதையைத் தொட்டிருந்தார்கள். வழக்கமான பின்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் அது 65 சதவீதம். தெருவுக்கு ஆபத்து என்று நாம் தள்ளிவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

போலிகளும் உண்டு. அரிசோனாவில் மீட்பு இல்லம் என்ற பெயரில் பழங்குடி மக்களை வளைத்துப்போட்டு அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணத்தைச் சுருட்டிய கும்பல்கள் 2023இல் அம்பலமாயின. அதற்கு மருந்து உரிமம், ஆய்வு, வழக்கு. நல்ல இல்லத்தையும் கெட்ட இல்லத்தையும் ஒரே கோட்டால் தடுக்கும் மண்டல விதிக்கு அந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கண் கிடையாது. அதேபோல், அடுக்குமாடி கட்டுகிறவர்களையும் நான் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. கழிவுநீர்க் குழாய் தாங்குமா, தீயணைப்பு வண்டி நுழையுமா என்று கேளுங்கள். எல்லாக் கட்டடத்திடமும் ஒரே அளவுகோலால் கேளுங்கள். மினியாபொலிஸ் அப்படித்தான் விதிகளைத் தளர்த்தியது. 2017-க்கும் 2022-க்கும் இடையில் அங்கே வீடுகள் 12 சதவீதம் பெருகின, வாடகை ஏறியது 1 சதவீதம். மினசோட்டாவின் மற்ற பகுதிகளில் வாடகை 14 சதவீதம் ஏறியது. தனி வீட்டு மண்டலத்தை நீக்கியது மட்டும் இதைச் செய்யவில்லை. பெரிய சாலைகளை ஒட்டி அடுக்குமாடிக்கு வழிவிட்டதற்கும், கட்டாயக் கார் நிறுத்த இட விதியைக் கைவிட்டதற்கும்தான் இதில் பெரும்பங்கு.

அமெரிக்காவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அருகில் அடுக்குமாடியோ குழு இல்லமோ வரப்போகிறது என்று உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் நகராட்சியின் அறிவிப்பு வரும். அண்டை வீட்டுக்காரர் எதிர்ப்பு மனுவோடு கதவைத் தட்டுவார். நல்லவர்தான், போன வாரம் உங்கள் பார்சலை எடுத்து வைத்தவர். கையெழுத்துப் போடுவதற்கு முன், இதே மனையில் ஒரு பெரிய பங்களா வந்தால் இந்த மனு எழுதப்பட்டிருக்குமா என்று அவரிடமே கேளுங்கள். பிறகு கூட்டத்துக்குப் போங்கள். பல ஊர்களில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். போக முடியாதவர்களிடம் மின்னஞ்சலிலும் கருத்து வாங்குகிறார்கள். எதிர்ப்பவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். ஆதரிக்கிறேன் என்று பெயரும் முகவரியும் சொல்லிப் பதிவு செய்ய அங்கே ஆள் தேவைப்படுகிறது. நீங்கள் போங்கள்.